பதினோராம் கேள்வி

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு மடக்கு மேசை.
தாள்கள் பறக்காதிருக்க ஓர் ஆற்றுக் கல்.
மாலையில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் அதை,
டெல்மா ஸ்டோக்கே பார்த்தால் சும்மா விடமாட்டாள்.
இந்த வனத்துக்கு அவள்தான் ரேஞ்சர்.

செப்டம்பரிலிருந்து ஜூன்வரை
மொன்டானாவின் பனிச்சாலையில்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் நான்.
கோடையில் இந்தச் சம்பளமில்லாத வேலை.
ஒரு பச்சைச் சட்டை, ஒரு தொப்பி,
பெட்ரோலுக்கு ஏதோ கொஞ்சம்.

உள்ளே போகிறவர்களுக்குச் சொல்வேன்:
ஓடையிலிருந்து எழுபது எட்டு தள்ளிப் போங்கள்,
ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள், மூடிவிட்டு வாருங்கள்.
பெரியவர்கள் கேட்காமலே தலையாட்டுவார்கள்.
ஒரு சிறுமி விரல்களை விரித்துப் பார்த்து
என் சாணா, உங்கள் சாணா என்றாள்.
கையேட்டில் அதற்குப் பதில் இல்லை.
உணவை உயரத்தில் கட்டுங்கள் என்பேன்,
பற்பசையும் உதட்டுக் களிம்பும்கூட
கரடியின் கணக்கில் உணவுதான்.

வெளியே வருகிறவர்களிடம் கேட்பதற்குப்
பதினான்கு கேள்விகள்.
எத்தனை இரவு, எத்தனை பேர்,
குதிரையிலா, நடந்தா,
குப்பை கண்ணில் பட்டதா.
பதினோராவது மட்டும்
ஒவ்வொரு முறையும் நாக்கில் ஒட்டிக்கொள்ளும்:
தனிமை கிடைத்ததா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்.

ஆறு நாள் பேசாத தொண்டையைச் செருமி
ஒருவர் சொன்னார்,
'ஐந்து. உன்னைப் பார்க்கும்வரை.'
எழுதிக்கொண்டேன்.
'உன்னை' என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஒரே கூடாரத்தில் படுத்த அக்கா தங்கை.
ஒருத்தி இரண்டு என்றாள், மற்றவள் ஐந்து.
இவள் குறட்டை, என்றாள் இரண்டு போட்டவள்.
நான்தான் தூங்கிவிட்டேனே, என்றாள் ஐந்து.

முதுகில் ஒரு மூட்டை, மார்பில் ஒரு மூட்டையுமாக
ஒரு பெண் வந்தாள்.
குழுவில் எத்தனை பேர் என்றேன்.
போகும்போது இரண்டு, என்றாள்.
என் பென்சில் அப்படியே நின்றுவிட்டது.
'பதறாதே, மேலே இன்னும் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான்.
மீன் கடித்தால் வருவான்.'
தனிமைக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
வருகிற வழியில்தான் கிடைத்தது என்று
நான்கு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஃபிட்லர் ஏரிவரை ஏறி
கூடாரம் போட்டுப் போட்டு மொட்டையான தரையை
டேப் பிடித்து அளப்போம் நானும் டெல்மாவும்.
போன வருடம் பதினொரு அடி, இந்த வருடம் பதின்மூன்று.
இந்த இடத்தை வெறுத்தவர் எவரும்
இவ்வளவு தூரம் நடந்து வந்ததில்லை.
தேய்த்தது முழுக்கப் பிரியம்தான்.
டெல்மா எதுவும் சொல்லாமல்
டேப்பைச் சுருட்டினாள்.

லார்ச் மரத்தில் ஒரு கருவி கட்டியிருக்கிறது,
கடப்பவரை எண்ணும் கண்.
பேட்டரி பார்க்க நாளுக்கு இருமுறை
நானே அதைக் கடப்பேன்.
என்னைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு.

கடைசி ஞாயிறு, கருவி சொன்னது நாற்பத்தொன்று.
தாள்கள் முப்பத்தெட்டு.
என்னைக் கழித்தால் இரண்டு போகும்.
ஒன்று மிச்சம்,
இரவு இரண்டு பதினான்குக்கு.

எல்க் மானாக இருக்கும், அடித்துவிடு, என்றாள் டெல்மா.
இருக்கலாம்.
தூண்டில்காரனாகவும் இருக்கலாம்.
முந்தின இரவு முழு நிலா.
காட்டில் காய்ந்த நிலா வீண் என்று ஒரு பேச்சு உண்டு.
அதன் கீழே யாரோ, எதுவோ,
ஒரு கேள்வியும் கேட்கப்படாமல்
கடந்து போயிருக்கிறது.

பதினோராம் கட்டத்தில் ஐந்து போடக் கை போனது.
போடவில்லை.
அடிக்கவும் இல்லை.

மேசையை மடக்கினேன்.
கல்லை அதன் குழியிலேயே வைத்தேன்.
காலையில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதுதான்
நினைவில்லை.